கெசும்பா முகம் காட்டும் வரை

தங்கச்சி, கெசும்பாவைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறாய், நல்லது. ஆனால் அதைச் செம்பனைக்குள் தேடாதே. தோட்டத்தில் மீன்கொத்தி கிடைக்கும், கைப்பழக்கத்துக்கு அது போதும். தமிழ்நாட்டில் தீக்காக்கை என்கிறார்களே, அந்தக் குடும்பத்துப் பறவைதான் கெசும்பா. அடர்ந்த நிழலை விட்டு வராது. சிம்பாங் பெர்த்தாங் பக்கம் மூன்று புறமும் செம்பனை சூழ, சுமார் 2,450 ஹெக்டேரில் மிஞ்சி நிற்கும் பாசோ காடுதான் அதற்கு வீடு. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக் காடு அது. முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள், தனியாகப் போகாதே.

விடிந்ததும் பசியாறிவிட்டுக் கிளம்பு. காருக்குள் ஏர்கோன் வேண்டாம், குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்ததும் பனி படர்ந்துவிடும். கொசு மருந்து பூசிய கையால் கேமராவைத் தொடாதே, சில மருந்துகள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும்.

உள்ளே போனதும் மர உச்சியை அண்ணாந்து பார்க்காதே. நடுமட்டக் கிளைகளைப் பார். கெசும்பா நிமிர்ந்து, அசையாமல், வெகுநேரம் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் நமக்கு முதுகுதான் தெரியும். முதுகு மரப்பட்டை நிறம், சிவப்பு பெரும்பாலும் வயிற்றில். அவசரப்பட்டுச் சுற்றி வளைத்துப் போனால் பறந்துவிடும். நின்ற இடத்திலேயே நில். பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்து வேறு கிளையில் அமரும்போது திரும்பி உட்கார வாய்ப்புண்டு. எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அப்படிக் காத்திருந்து கிடைத்தவைதான்.

வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். ஐஎஸ்ஓ 1600, 3200 வரை ஏற்று. பறவை அசையாததால் ஷட்டர் 1/125 போதும், ஆனால் முக்காலி கட்டாயம். இருட்டு இலைகளைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஆண் பறவையின் சிவப்பு இறகு விவரமில்லாமல் வெறும் திட்டாகிவிடும். அதனால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்புக்கு மேல் குறை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பெண் பறவை மங்கலான பழுப்புதான், அதற்காக ஒதுக்கிவிடாதே. அதுவும் அழகி.

போனில் கெசும்பாவின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பவர்களோடு சேராதே. போட்டிக்கு வேறு பறவை வந்துவிட்டதென்று பதறி இரை தேடுவதை விட்டுவிடும். உளுத்த மரக்கட்டையில் பொந்து தெரிந்து, பறவை அதைச் சுற்றியே வந்தால், அது கூடாக இருக்கலாம், கேமராவை மூடிக்கொண்டு அப்படியே பின்வாங்கிவிடு. அந்த இடத்தை யாருக்கும் சொல்லாதே, முகநூலிலும் போடாதே.