கம்ப்யூட்டரா, கன்சோலா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகன், கேம் விளையாட பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். அந்தப் பணத்துக்குக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமே என்கிறார் கணவர். எது சரி?

பதில்: கேம் மட்டும்தான் என்றால் மகன் கேட்பதே சரி. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-க்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான்: ஏஎம்டி-யின் எட்டு கோர் பிராசஸர், 16 ஜிபி மெமரி. அதே தரத்தில் கேம் ஓடும் கம்ப்யூட்டரை அந்த விலைக்குள் சேர்ப்பது கஷ்டம். கிராபிக்ஸ் கார்டு ஒன்றே பட்ஜெட்டில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

ஆனால் செலவு கடையோடு முடியாது. காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட, பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டியாக வேண்டும் (ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு வேண்டாம்). கம்ப்யூட்டரில் பொதுவாக அப்படி இல்லை. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தள்ளுபடி வரும்போது பழைய, அருமையான கேம்கள் மலிவாகவே கிடைக்கும். கன்சோல்தான் என்று முடிவானால் டிஸ்க் போடும் மாடலாகப் பாருங்கள். ஆடி முடித்த டிஸ்க்கை விற்றுவிடலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க வழியில்லை.

மகன் எதை ஆடுகிறான் என்றும் கேளுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி வியூக கேம் என்றால் மவுஸும் கீபோர்டும்தான் கைக்கு வாகு. கல்லூரிக்கு எப்படியும் லேப்டாப் வேண்டியிருக்கும். தனி கிராபிக்ஸ் சிப் உள்ளதாக அதை முதலில் வாங்கிக் கொடுங்கள். கன்சோல் அடுத்த வருடம் வரட்டும்.