முதிய விரைவண்டி

விரைந்தோடுதற்கென அமைந்த புகைவண்டி முதுமையுற்றபின், விரைவு குறைந்த பாதைக்கு ஏற்றதாகுமா? ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தவை இவ்வினாவிற்கு விளக்கம் தருகின்றன.

1976-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ‘இன்டர்சிட்டி 125’ என்னும் வண்டி ஓடத் தொடங்கியது. இரு முனைகளிலும் டீசல் எஞ்சின்கள் பூண்ட அது, மணிக்கு 200 கிலோமீட்டர் விரைவிற் செல்லவல்லது. நாற்பதாண்டு உழைத்த அவ்வண்டிகளுட் சில, 2018-ஆம் ஆண்டு முதல் ஸ்காட்லாந்து நகரங்களிடையே ஓடலாயின. அங்குள்ள பாதைகளில் அவை தம் முழு விரைவையும் காட்டுதற்கு இடமில்லை. எனினும், குலுக்கல் குறைந்த அவற்றின் பெட்டிகள் நெடுவழி செல்வோர்க்கு இனியனவாயின. கையால் திறக்கும் பழைய கதவுகளுக்கு ஈடாகத் தானியங்கிக் கதவுகளும் பொருத்தப்பெற்றன.

2020 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆங்குப் பெருமழை பெய்தது. கார்மான்ட் என்னுமிடத்தில், மணிக்கு ஏறத்தாழ 117 கிலோமீட்டர் விரைவில் வந்த அவ்வகை வண்டியொன்று, மழைநீர் அடித்துவந்த சரளைக் குவியலில் ஏறித் தடம்புரண்டது. மூவர் உயிர்நீத்தனர். வடிகால் திட்டமிட்டவாறு கட்டப்படாமையே சரளை பெயர்ந்ததற்குக் காரணமென ஆய்வாளர் கண்டனர். பிற்காலப் பாதுகாப்பு விதிகளின்படி அமைந்த வண்டியாயின், தீங்கு குறைந்திருக்கக்கூடும் என்றும் உரைத்தனர்.

ஆகவே, விரைவு குறைந்தமையால் மட்டும் முதிய வண்டி தகுதியுடையதாகிவிடாது. வசதியைப் புதுப்பித்தல் எளிது; உடற்கட்டின் வன்மையைப் புதுப்பித்தல் அரிது. பாதையின் செம்மையும், இடர் நேருங்கால் உயிர்காக்கும் உறுதியும் ஒருங்கே அமைதல் வேண்டும். வண்டியின் தகுதியை அளக்கும் கோல் அதுவே.