இருபதாயிரம் கொடுத்தால் சிபில் சுத்தமாகுமா?

வெளிவட்டச் சாலை வந்ததிலிருந்து வெள்ளானூர்ப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர், ஆவடியில் வாடகைக்கு இருப்பவர் என்று பலரும் கடனை நம்பித்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். வங்கி கையை விரித்ததும் அவர்கள் காதில் விழுவது இதுதான்.

நம்பிக்கை: "இருபதாயிரம் கொடுங்க, சிபிலை க்ளீன் பண்ணித் தர்றோம்."

முடியாது. இருபத்தைந்து வருடம் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்த்தவன் சொல்கிறேன், முடியவே முடியாது. நீங்கள் வாங்கிய கடன், கட்டிய தேதி, தவறிய தவணை எல்லாவற்றையும் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த நிறுவனமே அனுப்புகிறது. மாதம் இருமுறையாவது அனுப்பியாக வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் பதிவை மாற்ற, கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. சிபில் போக எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என இன்னும் மூன்று நிறுவனங்களிடமும் உங்கள் கணக்கு இருக்கிறது. பணம் கேட்கும் ஆள் எத்தனை இடத்தில் அழிப்பார்?

அந்த ஆள் செய்வதெல்லாம், உங்கள் பான், ஆதார், ஓடிபியை வாங்கி உங்கள் பெயரில் ஒரு புகார் போடுவதுதான். அதற்குக் கட்டணமே கிடையாது! பதிவு உண்மையிலேயே தவறு என்றால் நீங்களே போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு அது. பாக்கி உண்மை என்றால் புகார் நிற்காது, உங்கள் பணமும் திரும்பாது. ஓடிபியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்த ஆபத்துதான் மிச்சம்.

இதே ஆட்கள் "செட்டில்மென்ட் பண்ணிடுங்க" என்றும் சொல்வார்கள். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி முடித்துக்கொண்டால் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். மனுவை ஓரம் வைக்க அந்த ஒரு சொல் போதும். மீதியையும் கட்டுங்கள், கடன் முழுதும் தீர்ந்ததாகக் கடிதம் வாங்கி, பதிவையும் மாற்றச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "சிபில் ஸ்கோரைப் பார்த்தாலே குறையும்."

நீங்களே பார்த்தால் ஒரு புள்ளியும் குறையாது. அவசரப்பட்டுப் பத்து இடத்தில் கடனுக்கு மனு போட்டால்தான் குறையும்.

நம்பிக்கை: "இதுவரை கடனே வாங்காதவருக்கு வீட்டுக்கடன் கிடைக்காது."

முதல்முறை கேட்பவரை அந்த ஒரு காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

நம்பிக்கை: "750-க்குக் கீழே போனால் அவ்வளவுதான்."

குறைந்தபட்ச ஸ்கோர் என்று ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கவில்லை. ஸ்கோர் குறைந்தவருக்கும் கடன் தரும் வீட்டுவசதி நிறுவனங்கள் உண்டு, வட்டிதான் ஏறும். 25 லட்சம், 20 வருடம் என்று வையுங்கள். எட்டரை சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். பத்தரை என்றால் சுமார் 24,960. கடைசி வரை கட்டினால் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் கூடுதல். ஒரு வருடம் பொறுத்து, பாக்கியைத் தீர்த்து, தவணை தவறாமல் கட்டிவிட்டு மனு போடுவது எவ்வளவோ மேல்.

ஒன்று சொல்லியே தீர வேண்டும். என் மேசையில் தேங்கிய மனுக்களில் பெரிய கடனால் கெட்டவை கொஞ்சம்தான். செல்போனைத் தவணையில் எடுத்துவிட்டு, கடைசி இரண்டு தவணையை மறந்தவர்கள்தான் அதிகம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கிக்காக வீடு தள்ளிப்போன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செல்போனைக் காசு சேர்த்து வாங்குங்கள். இளைஞர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதை வாங்கி, வரிவரியாகப் படியுங்கள். கொடுத்த பிறகு படித்தால், அதில் இருக்கும் பாக்கி உங்கள் முன்பணத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.