பள்ளியும் ஆசிரியரும் குரத்தியாரும்

காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும் பிள்ளை, "பள்ளிக்குப் போய் வருகிறேன்" என்கிறது. மாலையில் திரும்பியதும், "ஆசிரியர் இன்று இதனைக் கற்பித்தார்" என்கிறது. நாள்தோறும் வழங்கும் இவ்விரு சொற்களின் வரலாற்றையும், இவற்றோடு ஒருகாலத்தில் ஒருங்கே வழங்கி இன்று மறைந்துபோன மூன்றாவது சொல் ஒன்றின் வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பள்ளி

பள்ளி என்பதற்குப் படுக்கை, உறைவிடம், சிற்றூர் எனப் பல பொருள்கள் உண்டு. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்பவற்றில் படுக்கை என்னும் பொருள் நிற்கிறது. துறவியர் தங்கிய இடமும் பள்ளி எனப்பட்டது. மதுரைக்கு அருகே மாங்குளத்து மலைக்குகைகளில், கி.மு. 2ஆம் நூற்றாண்டின என அறிஞர் கணிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பான் சமண முனிவர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகிறது. 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் என்பவர் இவற்றைக் கண்டறிந்தார். பிற்காலச் சாசனங்களில் வரும் 'பள்ளிச்சந்தம்' என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிப்பதாகும்.

துறவியர் உறைந்த இடத்திலேயே ஊர்ப்பிள்ளைகளும் எழுத்தறிந்தனர். ஆதலின் கற்குமிடத்திற்குப் 'பள்ளிக்கூடம்' என்னும் பெயர் அமைந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. இச்சொல் மேலும் பரந்தது. இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல் ஆயிற்று; கேரளத்தில் கிறித்தவர் தேவாலயமும் பள்ளி எனவே வழங்குகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பள்ளி என்று முடியும் ஊர்கள் யாவும் சமணர் ஊர்களே என முடிவு கட்டுதல் கூடாது. சிற்றூர் என்னும் பொதுப்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கல்வெட்டோ குகையோ சிற்பமோ சான்றாக நிற்பின் மட்டுமே அவ்வாறு கூறல் தகும்.

ஆசிரியர்

ஆசார்ய என்னும் வடசொல் பாகதத்தின் வழியே தமிழில் ஆசிரியர் என நின்றது. உபாத்தியாயர் என்பது தேய்ந்து வாத்தியார் ஆயிற்று. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை நாள்தோறும் ஓதும் நமக்கு இவ்விரண்டும் அயலல்ல. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்னும் வரிசையில் மூன்றாமவரும் நான்காமவரும் கற்பிப்போரே அல்லரோ? இச்சொற்கள் வைதிகர்க்கும் பொதுவாயினவே. எனினும் கற்பிப்போரை வணங்கத்தக்கோர் நிரலில் வைத்துப் போற்றும் மரபு நம்முடையது.

செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர் குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றின் பழங்கல்வெட்டு ஒன்று, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்பாரை 'ஆசிரிகர்' என்றே குறிக்கிறது. இன்றைய வகுப்பறையில் வழங்கும் சொல்லின் பழைய வடிவம் அப்பாறையில் உள்ளது.

குரத்தியார்

இனி மறைந்த சொல்லுக்கு வருவோம். குரு என்பதன் பெண்பால் குரத்தி. சமயநெறி கற்பித்த பெண்துறவியை அது குறிக்கும். இதனை இடையின ரகரத்தால் எழுதுதல் வேண்டும். வல்லின றகரம் இட்டால் மலைநிலப் பெண்ணைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும்.

கழுகுமலைச் சிற்பங்களின் கீழுள்ள கல்வெட்டுகளில் குரத்தியர் பலர் பெயர் காணப்படுகின்றன. குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்தியார் பகவதிக்குப் பொன்னணி வழங்கியதை அது தெரிவிக்கிறது.

இவற்றினும் சிறந்தது வந்தவாசிக்கு அருகேயுள்ள வேடல் கல்வெட்டு. இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. அம்மன்னனை முதலாம் ஆதித்த சோழன் எனக் கொள்வர். குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரின் வழிநின்ற மாணாக்கியர் 500 பேர். அவர்களுக்கும் வேறு 400 துறவியர்க்கும் இடையே பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்விடத்து மக்கள் ஏற்றனர்.

ஈராயிரம் ஆண்டுகளில் பள்ளி நின்றது, ஆசிரியர் நின்றது, குரத்தி என்னும் சொல் வழக்கிழந்தது. சொல் மறைந்தபின் அச்சொல் குறித்த மாந்தரும் மறக்கப்பட்டனர். "பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும், அதுவே நம் வழக்கம்" என்று நம் இல்லங்களில் கூறப்பட்டதுண்டு. வேடல் பாறையில் எழுதியுள்ள வழக்கம் அதுவன்று. பெண் கற்றாள், கற்பித்தாள், அவள்பால் கற்றோர்க்கு ஊரார் சோறளித்துக் காத்தனர். மகனை மேற்படிப்பிற்கு வெளியூர் அனுப்பி, மகளை வீட்டில் நிறுத்தும் குடும்பம் இன்றும் எங்கேனும் இருப்பின், அது முன்னோர் பெயரைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

வந்தவாசிப் பக்கம் திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ செல்வோர், பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்மக்களை, வேடலுக்கு அழைத்துச் சென்று காட்டுக. எழுத்துகள்மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசாதிருக்கவும் கற்பிக்க.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. பள்ளி என்னும் சொல்லின் பொருள்கள் மூன்றினைக் கூறுக.
2. வாத்தியார் என்பது எச்சொல்லின் திரிபு? அச்சொல் நாம் ஓதும் மந்திரத்தில் எவ்விடத்தில் வருகிறது?
3. குரத்தி, குறத்தி - பொருள் வேறுபாடு யாது?
4. கனகவீரக் குரத்தியாரின் மாணாக்கியர் எத்தனை பேர்? அவர்களுக்கு உணவளித்தோர் யாவர்?