என்ஜினை இறக்குவதற்கு முன்

கேள்வி: அப்பா வாங்கிய 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் எடுக்கிறோம். தினமும் காலையில் போர்ட்டிகோவில் எண்ணெய்க் கறை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் அரை லிட்டர் ஆயில் குறைந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக், கியர்பாக்ஸ் பக்கத்து சீல் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், கெட்டியான ஆயிலை ஊற்றி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: விற்க வேண்டாம். என்ஜினையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம். ஆயில் எங்கே வந்து சொட்டுகிறது என்றுதான் இதுவரை பார்த்திருக்கிறார்கள். எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

கசியும் ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பெட் கவரின் ஓரத்தில் கசிவது, பிளாக்கின் பக்கமாக இறங்கி, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து நிற்கும். கேம்ஷாஃப்டின் முனையில், டைமிங் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் தேய்ந்தாலும் அப்படித்தான். கிராங்க்ஷாஃப்டின் ஃப்ளைவீல் பக்கத்து சீல் போனாலும் சொட்டு விழுவது அதே இடத்தில். முதல் இரண்டும் மேலேயே முடிகிற சின்ன வேலை. மூன்றாவதற்குக் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். கீழே இருக்கும் கறையை மட்டும் பார்த்து இதில் எது என்று சொல்ல முடியாது.

ஆகவே முதலில் கழுவுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் பாலிதீன் பையால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு பழைய பிசுக்கை எடுத்துத் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வாடை முழுவதும் போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. உலர்ந்ததும் டேப்பெட் கவரின் விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டரின் அடி, ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், சம்ப்பின் விளிம்பு ஆகிய இடங்களில் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் கசிவின் இடம். மேலே எல்லாம் வெள்ளையாகவே இருந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தின் அடியில் மட்டும் ஈரம் இருந்தால் சீலைப் பற்றி முதல் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள்.

என் சந்தேகம் டேப்பெட் கவர் மேல்தான். உங்கள் என்ஜினில் டேப்பெட் செட்டிங்குக்கு அந்தக் கவரைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய பேக்கிங்கையே திருப்பிப் போடுவது பல பட்டறைகளில் வழக்கம். பழைய பேக்கிங்கைக் கையில் எடுத்து மடக்கினால் அப்பளம்போல் ஒடியும். அது எப்படி ஆயிலைத் தடுக்கும்? கசிகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் கவரின் விளிம்பு வளைந்து கசிவு கூடத்தான் செய்யும். சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதும் தவறு. உள்ளே பிதுங்கும் துணுக்கு உதிர்ந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துக்கொள்ளும்.

எந்த சீலை மாற்றினாலும் அதற்கு முன் பிரீதர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேறும் வழி இந்த ஹோஸ். உள்ளே கரிப்பிசின் அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டும் சில மாதங்களில் மறுபடி கசிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி அந்த அரை லிட்டர். இரவில் சொட்டும் சில சொட்டுகள் அவ்வளவு ஆகாது. என்ஜின் ஓடும்போது பிரஷரில் கூடுதலாகக் கசிய வேண்டும், அல்லது எரிய வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் ரிங். பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும், ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். என்ஜினுக்குள் கை வைக்க வேண்டுமா என்பதை அந்த மூன்று சிலிண்டர்களின் அளவு சொல்லட்டும்.

கெட்டியான ஆயில் கசிவைக் கொஞ்சம் மெதுவாக்கும்; ஒடிந்த ரப்பரைச் சரியாக்காது. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடை வரை மட்டும் போய்வரும் வண்டியில் என்ஜின் முழுச் சூடு ஏறுவதில்லை. ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் வெளியூர் சாலையில் ஓட்டுவது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. டைமிங் பெல்ட் பக்கம் ஆயில் தெரிந்தால் அந்தப் பக்கத்து சீலோடு பெல்ட்டையும் மாற்றுங்கள். ஆயில் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுப்போகும். அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

உதிரி பாகத்துக்குப் பயப்பட வேண்டாம். மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றாலும், இதே 796 சிசி என்ஜின் குடும்பம் ஆம்னியில் 2019 வரை ஓடியது. பேக்கிங்கும் சீலும் கிடைக்கும். வேலை முடியும்வரை வாரந்தோறும், சமதளத்தில், என்ஜின் ஆறியபின் டிப் ஸ்டிக்கைப் பார்த்து அளவைக் குறித்து வையுங்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், பட்டறை பக்கத்திலேயே இருந்தாலும் ஓட்டிப் போகாதீர்கள்; அங்கேயே நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.