எது முன், எது பின்? ஃபிரீபிஎஸ்டியை மூலநிரலிலிருந்து புதுப்பித்தல்

யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த ஃபிரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமை 1993-ஆம் ஆண்டில் தோன்றியது. மனிதர் படித்தறியக்கூடிய வடிவிலுள்ள அதன் மூலநிரல் முழுவதும் எவருக்கும் கிடைக்கும். ஆகவே, ஆயத்தமான பிரதியைப் பெற்றுப் பொருத்துவதற்குப் பதிலாக, புதிய பதிப்பைத் தம் கணிப்பொறியிலேயே ஆக்கிக்கொள்வாரும் உளர்.

ஓடிக்கொண்டிருக்கும் முறைமை, தன்னை நீக்கித் தன் இடத்தில் அமரப்போவதைத் தானே ஆக்குகிறது என்பதே இதிலுள்ள விந்தை. மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். பழைய கம்பைலர் புதிய மூலத்தை முற்றிலும் அறிந்திருக்கும் என்பது உறுதியன்று. ஆதலால், 'பில்ட்வேர்ல்ட்' என்னும் கட்டளை, தேவைப்படின் முதலில் பழைய கம்பைலரால் புதிய கம்பைலரை ஆக்கிக்கொண்டு, பின்னர் அதனாலேயே ஏனைய நிரல்களை ஆக்குகிறது. கொல்லன் பழைய சுத்தியலால் புதிய சுத்தியலை அடித்துக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். ஆக்கப்பட்டவை தனி அடைவொன்றில் சேர்வதால், பல மணி நேரம் பிடிக்கக்கூடிய இவ்வேலை இடையில் தடைப்பட்டாலும் ஓடும் முறைமைக்குத் தீங்கில்லை.

தீங்கு நேரக்கூடிய கட்டம் நிறுவுதலே. கெர்னல் என்னும் உட்கருவிடம் நிரல்கள் தம் வேண்டுகோள்களை எண்களால் தெரிவிக்கின்றன. புதிய கெர்னல் பழைய எண்களையும் அறியும். பழைய கெர்னலோ புதிய எண்களை அறியாது. அறியாத எண்ணைக் கேட்ட நிரலை அது நிறுத்திவிடும். எனவே, புதிய கெர்னலை நிறுவி, கணிப்பொறியை அதனைக் கொண்டு மீண்டும் துவக்கிய பின்னரே, ஏனைய நிரல்களை நிறுவுதல் வேண்டும்.

இவ்வரிசையின் அருமையை 2017-ஆம் ஆண்டு மே மாதத்து மாற்றம் ஒன்று நன்கு விளக்கும். 12-ஆம் பதிப்புக்கான மூலத்தில், ஒவ்வொரு கோப்புக்கும் உரிய அடையாள எண் 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக அன்று விரிவாக்கப்பட்டது. அதற்கென வேண்டுகோள் எண்களும் புதிதாகச் சேர்ந்தன. பழைய கெர்னல் ஓடுகையிலேயே புதிய நிரல்களை நிறுவினால், கோப்புகளின் பட்டியலைக் காட்டும் எளிய நிரலும் இயங்காது. பழுதுபார்க்க வேண்டிய கருவிகளே முடங்கிவிட்டால், பழுதை எதனைக் கொண்டு நீக்குவது?

புதிய கெர்னலே துவங்க மறுத்தால் அவ்வளவு இடர் இல்லை. நிறுவும்போது முந்தையது 'கெர்னல்.ஓல்டு' என்னும் பெயரில் பத்திரமாக வைக்கப்படுகிறது. துவக்கத்தில் அதனைத் தேர்ந்துகொள்ளலாம்.

அமைப்புக் கோப்புகள் தனிக் கவனத்திற்கு உரியவை. பயனர் பட்டியலும் கடவுச்சொற்களும் அவற்றில் உள்ளன; அவற்றின்மீது புதிய மாதிரிகளை அப்படியே எழுதிவிட்டால், உரிமையாளரே உள்ளே நுழைய இயலாது போகலாம். 'இடிசி-அப்டேட்' என்னும் கருவி, பழைய மாதிரி, புதிய மாதிரி, உரிமையாளர் திருத்திய கோப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இணைக்கிறது. முரண்படும் வரிகளைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவருக்கே விடுகிறது.

பழைய நூலகக் கோப்புகளை நீக்குதல் கடைசி வேலை. வெளியிலிருந்து பெற்று நிறுவிய நிரல்கள் அவற்றையே நம்பியிருக்கக்கூடும்; அவற்றைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும் வரையில் நூலகங்களை விட்டுவைப்பதே நன்று.