குட்டி வருமுன் வீட்டைச் சுருக்குங்கள்

முதல் தடவை நாய்க்குட்டி வாங்கப்போகும் குடும்பம் பெட் ஷாப்புக்குள் நுழைந்ததும் கையில் எடுப்பது மெத்தை. அடுத்தது சட்டை. சென்னை வெயிலில் ஷிட்ஸுவுக்குச் சட்டை எதற்கு என்று கடைக்காரரும் கேட்கமாட்டார். கீச்சுக்கீச்சென்று கத்தும் ரப்பர் கோழி உட்பட எல்லாம் வந்து இறங்கிவிடும். குட்டியை வீட்டில் எங்கே விடுவது என்று மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஹால் நடுவில் இறக்கிவிட்டுச் சுற்றி உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள். அது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் ஒண்ணுக்கு இருந்துவிட்டு வரும். அன்றைக்கு ஆரம்பிக்கிற தலைவலி மாதக்கணக்கில் ஓடும்.

ஆகவே முதல் வேலை கடையில் இல்லை, வீட்டில். மூன்று படுக்கையறை வீடாக இருந்தாலும் இரண்டு மாதக் குட்டிக்கு அதில் ஆறடிக்கு மூன்றடிதான் சொந்தம். மீதியைப் பழகப் பழக ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடலாம்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டடி உயரத்தில் மடக்குக் கம்பிவேலி, பிளேபென் என்று கேட்டால் தருவார்கள். மாட்டி நடத்த ஹார்னஸ், கயிறு, சீப்பு, நகவெட்டி, கடிக்க இரண்டு பொம்மை, வண்டியில் கொண்டுவர மூடி போட்ட கூடை. ஹார்னஸில் சமரசம் வேண்டாம். பொமரேனியன் மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி இழுத்தால் இருமல்தான் மிச்சம். படுக்கைக்குப் பழைய காட்டன் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்து முடிய ஆறேழு மாதமாகும்; அதுவரை எந்த மெத்தையும் பஞ்சாகத்தான் போகும். தண்ணீருக்கு அடி கனத்த மண்சட்டி. எவர்சில்வர் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே போய் ஹாலைக் குளமாக்கிவிடும்.

வேலியை வீட்டார் உட்கார்ந்து பேசும் இடத்திலேயே ஒரு மூலையில் போடுங்கள். பால்கனியில் ஒதுக்கினால் குட்டி குரைத்துக் குரைத்துத்தான் ஆளைக் கூப்பிடும். வெயிலும் ஏசிக் காற்றும் நேராக அடிக்கக் கூடாது. தரை விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் குட்டியின் கால்கள் நாலா பக்கமும் வழுக்கும். வளரும் மூட்டுக்கு அது நல்லதல்ல. பழைய யோகா மேட் ஒன்றை விரித்தால் வேலை முடிந்தது.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம்: கழிப்பிடம்.

வேலிக்குள் ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், எதிர்க்கோடியில் கழிப்பிடம். நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கம் செய்ய விரும்பாது. நமக்கு இருக்கும் ஒரே மூலதனம் அந்தக் குணம்தான். வேலியை ரொம்பக் குறுக்கினால் வேறு வழியில்லாமல் படுக்கையிலேயே போய்ப் பழகிவிடும், அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு.

விரிப்பதற்கு நாளிதழ் மலிவு. முதல் சில நாள் படுக்கையைத் தவிர மீதி இடம் முழுக்க விரித்து, அது விரும்பிப் போகும் பக்கம் தெரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஆனால் காகிதம் என்றாலே கழிப்பிடம் என்று குட்டி முடிவு கட்டிவிடும். தாத்தா காலையில் தரையில் விரித்துப் படிக்கும் பேப்பரும் அதற்கு அதே கணக்குத்தான். அதனால் என் கட்சி, ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டும் அதன்மேல் செயற்கைப் புல்விரிப்பும். பேப்பர் புல்லுக்கு அடியில் மட்டும். தினம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசினால் போதும். கொஞ்சம் வாடை மிஞ்சினால்தான் குட்டிக்கு அது தன் இடம் என்று தெரியும்.

நேரம்தான் இதில் பாதி வித்தை. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட கால்மணி நேரத்துக்குள், விளையாடி முடித்ததும், படுக்கப்போகும் முன்பு என்று ஒவ்வொரு தடவையும் தூக்கித் தட்டில் விட வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. சின்ன ஜாதிக்கு இன்னும் சிரமம். தரையை மோந்துகொண்டு வட்டமடித்தால் ஓடிப்போய்த் தூக்குங்கள்.

தட்டில் விட்டதும் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் எது என்பதைக் குட்டி வருமுன்பே குடும்பம் கூடி முடிவு செய்யுங்கள். பிள்ளை 'சூசூ' என்றும், பாட்டி 'மூச்சா போடா கண்ணா' என்றும், அப்பா 'ம்ம், போ போ' என்றும் சொன்னால் அது யார் பேச்சைத்தான் கேட்கும்? 'போ' மட்டும் வேண்டாம். ஒரு நாளைக்கு நூறு காரியத்துக்குச் சொல்கிற சொல். அது போய் முடித்த அந்த நொடியே பாராட்டி ஒரு துணுக்குத் தீனி கொடுங்கள். அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் எதற்காகக் கிடைக்கிறது என்பது அதற்கு மறந்துவிடும். டப்பா தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேறு இடத்தில் போய்விட்டால்? மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் போன தலைமுறை வைத்தியம். மனுஷர் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதைத் தவிர அதிலிருந்து குட்டி வேறெதுவும் கற்பதில்லை. சோபாவுக்குப் பின்னால் ஈரம் காண்கிற வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான் வரும். சத்தம் போடாமல் துடையுங்கள். பினாயில் வேண்டாம், வாடை மறைவது நம் மூக்குக்கு மட்டும்தான், தவிர அதே தரையை மிதித்த காலைத்தான் குட்டி நக்கும். என்சைம் கலந்த கிளீனர் என்று பெட் ஷாப்பில் கிடைக்கிறது. நான் ஆதரிக்கும் ஒரே ஆடம்பரச் செலவு அது.

கடைசியில் தட்டு வாஷ் ஏரியாவுக்குப் போக வேண்டும் என்றால் நாளுக்கு ஒன்றிரண்டு அடி நகர்த்துங்கள். ஒரே நாளில் தூக்கி அங்கே வைத்தால் குட்டி பழைய மூலைக்கே போய் நிற்கும். பாத்ரூமில் பழக்குகிறவர்கள் கதவை எப்போதும் திறந்து வைக்க ஒப்புக்கொண்டவர்களாக இருக்க வேண்டும். பாதி வீடுகளில் மூடிய கதவு முன்னால்தான் ஈரம்.

தெருவில் விட்டால் தானே பழகிவிடுமே என்பார்கள். தடுப்பூசி வரிசை முடியாமல் தரையில் விடவே கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது.

முதல் சில இரவுகள் குட்டியின் படுக்கை யாராவது ஒருவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தனியே விட்டால் விடிய விடிய அழும், காலையில் எதிர்வீட்டார் கேட்பார்கள். நடுராத்திரியில் ஒரு தடவை எழுந்து தட்டில் விடும் வேலை யாருடையது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது, தரையில் தவழ்ந்து வீட்டைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வயர், தொங்கும் போன் சார்ஜர், பீரோவுக்கு அடியில் போன வருஷம் வைத்த எலி மருந்து, அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள், தரையில் ஏற்றும் குத்துவிளக்கு எல்லாம் குட்டியின் வாய்க்கும் வாலுக்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கும். தொட்டியில் அரளி இருந்தால் மாடிக்கு அனுப்புங்கள், அதன் எல்லாப் பாகமும் விஷம். பால்கனி கம்பிகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். புறா வலையை நம்பாதீர்கள், நைலானைக் கடித்து அறுத்துவிடும். அடியிலிருந்து இரண்டடிக்கு வெல்ட் மெஷ் வைத்து கேபிள் டையால் இறுக்குங்கள். ஊஞ்சல் உள்ள வீடுகளில் சின்னக் குட்டி இருக்கும்வரை பலகையைக் கழற்றிவிடுங்கள். ஆடும் பலகை நேராக அதன் தலைமட்டத்தில் வரும். வயதானவர்கள் இருந்தால் ஹார்னஸில் சின்ன மணி ஒன்று கட்டுங்கள். காலடியில் குட்டி இருப்பது தெரியாமல் விழுவது நடக்கக்கூடியதுதான்.

சாப்பாட்டில் முதல் வாரம் எந்தப் புதுமையும் வேண்டாம். வளர்த்தவர் கொடுத்த தீனியையே கொடுத்து, அப்புறம் ஒரு வாரம் பத்து நாளில் கலந்து கலந்து மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். பாட்டியிடம் இதைச் சொல்லும் பொறுப்பை வீட்டில் தைரியசாலி யாரோ அவரிடம் விடுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், வெந்த கோழி எலும்பு, நம் பாராசிட்டமால் எதுவும் கூடாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் திராட்சைதான்.

சின்ன ஜாதிக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. ஒரு வேளை பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். அதனால் நாளுக்கு மூன்று, நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குட்டி தள்ளாடினால், துவண்டால், நடுங்கினால் விரலில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தொட்டு ஈறில் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஆகவே ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று முன்பே விசாரித்து எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பொதுவாகப் பன்னிரண்டாவது வாரத்தில். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அபார்ட்மென்ட் சங்கம் நாய் வளர்க்கவே தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் லிஃப்டில் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பேச்சே எழாது.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017 நாய் இனப்பெருக்கம், விற்பனை விதி. ஆறு வாரக் குட்டியைக் காட்டி 'சீக்கிரம் ஒட்டிக்கும் சார்' என்பவரிடம் வாங்காதீர்கள். தீபாவளி வாரத்தில் கூட்டி வரவே வேண்டாம். சனிக்கிழமை காலை நல்ல நேரம்: பகல் முழுக்க வீட்டைப் பழகும், இரண்டு நாள் எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். சொந்தக்காரர்களை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். கிளம்புமுன் வளர்த்தவரிடம் மூன்று பொருள் கேட்டு வாங்குங்கள்: தடுப்பூசி, பூச்சி மருந்து தேதிகள் எழுதிய அட்டை, அது சாப்பிடும் தீனியில் ஒரு வாரத்துக்கானது, தாய் படுத்த துணியில் ஒரு துண்டு. அந்தத் துணியைத் துவைக்காமல் அப்படியே புடவை மடிப்புக்குள் வையுங்கள்.